நீர் இறங்கும்

நண்பருக்கு,

ஒழுங்கு வகுத்துக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. என் கடிதங்கள் பரீட்சை வினாத்தாள் மாதிரி இருக்கின்றன என்று நீர் கேலி செய்வீர். இந்தக் கடிதத்தை வாசிக்க நீர் இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. எழுத இருப்பவை இவை:

1. உம்முடைய சப்பாத்துக்குள் இருந்த மணல்.
2. மணற்கோட்டை நாளுக்காக நான் எழுதிய தாளில் இருந்த ஒரு வசனமும், அதனால் நீர் குழிக்குள் இறங்கியதும்.
3. நீர் இல்லாமல் மணல் நிற்காது என்பதும், அதற்கான காரணங்களும்.
4. இந்த வருடம் மணற்காட்டுக் கடற்கரையில் நடந்தது.

உம்மை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் நடந்ததைப் பற்றி எழுத மாட்டேன்.

போன கிழமை உம்முடைய மனைவி இணுவிலுக்கு, என் வீட்டுக்கு வந்தார். உடுவில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மகளிடம் கனடாவுக்குப் போகிறாராம். கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, கொண்டுவந்த பையை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"அண்ணை, அவரின்ரை கால் அளவும் உங்கடை அளவும் ஒண்டுதானே. சப்பாத்து இன்னும் பழுதாகேல்லை. எறிய மனம் வரேல்லை. வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் யாருக்கும் வேண்டாம் என்று சொன்னவன் அல்ல. வாங்கி வைத்தேன். அவர் போனபின் பழைய பேப்பர் ஒன்றை விரித்து, நாடாவை இளக்கி, ஒரு சப்பாத்தைக் கவிழ்த்தேன். மணல் கொட்டுண்டது. மணற்காட்டு மணல். வெள்ளை, பருமன், நடுவில் உடைந்த சிப்பித் துண்டு ஒன்று. மண்ணைப் பரிசோதித்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் கை தன்பாட்டில் ஒரு சிட்டிகையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தது. ஈரம் இல்லை. ஒட்டவில்லை. தோல் மணமும் கடல் மணமும் கலந்து ஒரு கணம் வந்து போனது. மறுபடி முகர்ந்தபோது வெறும் தோல்தான் மணத்தது.

அந்தச் சப்பாத்தோடு நீர் குழிக்குள் இறங்கினீர். அதைக் கழுவவோ தட்டவோ உமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி இரண்டாவது.

ஒரு பின்னேரம் மோட்டார்சைக்கிளை என் படலையில் சாத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தீர். பள்ளிக்கூடம் ஒன்றில் பல் பரிசோதனை முடித்து நேராக வருகிறீர் என்று நினைத்தேன்.

"காணும், பிள்ளை ஒண்டின்ரை பல்லைப் பாக்கப் போய்க் காலைப் பாத்துப்போட்டு வந்து நிக்கிறன்."

அந்தப் பிள்ளைக்கு ஒரு கால் செயற்கைக் கால். சின்ன வயதில் பொருத்தியது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், கால் வளரவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்துவந்து உமக்கு முன்னால் வாயைத் திறந்திருக்கிறாள். "பல்லெல்லாம் முத்து மாதிரிக் கிடக்கு. பிழை பிடிக்க ஒண்டும் இல்லை. கால் சின்னதாப் போகேல்லை காணும், பிள்ளை பெரிசாப் போச்சுது. இதுக்கு நான் ஆரோடை கோவிக்கிறது?"

கோபித்துக்கொண்டே அன்று முழுத் திட்டத்தையும் சொன்னீர். வைத்தியர்கள், சட்டத்தரணிகள், வங்கிக்காரர், எங்களைப் போன்ற பொறியியலாளர் எல்லாரையும் ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவது. ஒவ்வொரு குழுவோடும் ஒரு வகுப்புப் பிள்ளைகள். சேர்ந்து மணற்கோட்டை கட்டவேண்டும். குழுவை அனுப்பும் அலுவலகம், வளரும் பிள்ளைகளின் செயற்கைக் கால்களை மாற்றுவதற்குக் காசு தந்து உதவ வேண்டும்.

"ஆர் வருவினம்?" என்று கேட்டேன்.

"என்னட்டை வாய் திறக்காத ஆள் யாழ்ப்பாணத்திலை இருக்கோ? வராட்டி அடுத்த முறை விறைக்கிற ஊசி போடாமல் பிடுங்குவன் எண்டு சொல்லுறன்."

"நான் என்ன செய்யிறது? எனக்கு ஆக்களோடை கதைக்கத் தெரியாதே."

"நீர் ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். மணல் எப்பிடி நிக்கும் எண்டு எழுதித் தாரும். அது காணும்."

நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. எதையும் விளையாட்டாக எடுக்கத் தெரியாதது என் குறை. உலர்ந்த மணலும் நிற்காது, சேறான மணலும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈரம் இருக்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி ஒரே தாளில் எழுதினேன். எழுத்தில் "தண்ணி" என்று போட எனக்குக் கை வராது. ஆகவே இப்படி எழுதினேன்: "அடிக்குழி வெட்டியதும் வாளியால் ஊற்றவும். நீர் இறங்கும். அதன் பின்னரே மணல் போடவும்."

முதல் மணற்கோட்டை நாளன்று காலை நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வானில்தான் போனோம். வழி முழுக்க "நீர் தள்ளி இரும்," "நீர் அந்த யன்னலைச் சாத்தும்" என்று எங்கள் இருவரின் கதையையும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மணற்காட்டில் வான் நின்றபோது, "நீர் முதல் இறங்கும், எனக்கு முழங்கால் பிடிச்சுப்போட்டுது" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு வாளியில் இருப்பது தண்ணி. "நீர்" என்பது அந்த இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல்.

உம்முடைய குழுப் பிள்ளைகள் உம்மைக் கண்டு பயந்து ஒதுங்கி நின்றார்கள். பல்லுப் பிடுங்கும் டொக்டர் மணலுக்குள் குறடு ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஒருவன் சொல்லிவிட்டானாம். குழி வெட்டியாயிற்று. அந்தச் சாய்ந்து நடக்கும் பிள்ளைதான் தாளை வாங்கி உரத்து வாசித்தாள். "அடிக்குழி வெட்டியதும் வாளியால் ஊற்றவும். நீர் இறங்கும்..." என்று வாசித்து நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மிகவும் பயத்தோடு உம்மைப் பார்த்தாள்.

"டொக்டர் ஐயா, உங்களைத்தான். இறங்கட்டாம்."

"என்னையோ? ஆர் சொன்னது?"

"இதிலை எழுதிக் கிடக்கு. நீங்கள் இறங்கின பிறகுதான் மணல் போடட்டாம்."

நீர் தாளை வாங்கி வாசித்தீர். அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவது? "காணும்! என்னை உயிரோடை புதைக்கிறதுக்கோ தாள் எழுதித் தந்தனீர்?" என்று கத்தினீர். நான், "ஐயோ, அது தண்ணி, தண்ணி" என்று ஓடி வந்தேன். அதற்குள் நீர் குழிக்குள் குதித்துவிட்டீர். வெள்ளைச் சேட்டும், மினுக்கின கறுப்புச் சப்பாத்துமாக.

"சப்பாத்தையாவது கழட்டும்!"

"தாளிலை அப்பிடி எழுதேல்லையே."

பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒருவன் வாளித் தண்ணியை உம்முடைய காலில் ஊற்றினான். அதற்குப் பிறகு பயம் எங்கே? முழங்கால்வரை மணல் போட்டு உம்மை நட்டுவைத்தார்கள். அந்தப் பிள்ளை தன் செயற்கைக் காலைக் கழற்றி, "உள்ளுக்கை மணல் போயிடும், கவனமா வைச்சிருங்கோ" என்று உம்மிடம் தந்தாள். குழிக்குள் நின்றபடி அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றீர்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அடுத்தடுத்த வருடங்களில் நான் தாளைத் திருத்தி எழுத வந்தபோதெல்லாம் நீர் விடவில்லை. "உந்த வசனத்திலை கை வைச்சால் உம்மடை கடைவாய்ப் பல்லு என்ரை." குழி வெட்டியதும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "நீர் இறங்கும்!" என்று கத்துவார்கள். பெரியவர் ஒருவரை நீர் என்று அழைக்க அவர்களுக்கு அனுமதி கிடைக்கும் ஒரே இடம் அது. நீர் கைகூப்பி, நாலு பக்கமும் வணங்கி, இறங்குவீர்.

உம்முடைய குழுவின் கோட்டை ஒரு வருடமும் நிற்கவில்லை. பரிசு கொடுக்கும் நேரத்துக்கு முன்பே ஒரு பக்கம் சரிந்துவிடும். காரணம் எனக்குத் தெரியும். ஒருமுறை சொன்னேன். "நீர் குதிக்கிறதாலை அடி இளகுது. நீர் வெளியிலை வரேக்கை இரண்டு பொந்து விழுது. அதுக்கு மேலை என்ன கட்டினாலும் இருக்காது."

"விழட்டும் காணும். விழேக்கைதான் பிள்ளையள் கூடச் சிரிக்குதுகள்."

எழுத மாட்டேன் என்று சொன்னதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. வேறு இடத்தில் இது பொருந்தாது.

நான் சைவக்காரன். எங்கள் ஆட்களை நெருப்பில் வைத்துப் பழகியவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் உம்மோடு ஒரே வாங்கில் இருந்து பாட்டெல்லாம் பாடியிருக்கிறேன், ஆனால் சேமக்காலையில் குழியோரம் வரை போனது அதுவே முதல் தடவை. பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். போதகர் ஜெபம் சொன்னார். பிறகு எல்லாரும் வரிசையாக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. குனிந்து அள்ளினேன். என் கையெழுத்தில், அந்தத் தாளில் இருந்தபடியே, அந்த இரண்டு வசனங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நீர் இறங்கும். அதன் பின்னரே மணல் போடவும்.

கை மடங்கியபடியே நின்றேன். பின்னால் நின்றவர் மெதுவாக, "போடுங்கோ அண்ணை, ஆக்கள் நிக்கினம்" என்றார். நான் விலகிவந்து, ஒரு வேப்பமரத்தடியில் கையை விரித்துக் கொட்டினேன். உம்மேல் நான் மண் போடவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, காரணங்கள்.

முதற்காரணம், உம்மைப்போல் தொலைபேசியில் பயமுறுத்தி ஆட்களை வரவழைக்க யாரும் இல்லை. அடுத்தது, வந்துகொண்டிருந்தவர்களும் இப்போது இங்கே இல்லை. பொறியியலாளர் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். பிரியாவிடைச் சாப்பாட்டில் நாங்கள் கைகுலுக்கிப் படமெடுத்தோம், மறுவருடம் அவர்களுடைய வாளிகளை வேறு யாரிடமாவது கொடுத்தோம். மூன்றாவது காரணம் நான். ஒலிவாங்கியைக் கண்டால் எனக்கு நா உலர்ந்துவிடும்.

வரிசையில் சேர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் "நீர்" என்று அழைத்தவர்கள் சிலர்தான். என் மனைவி, அவள் போய்ப் பலகாலம். பள்ளித் தோழர்கள், அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக நீர். இளம் ஆட்களை "நீங்கள்" என்கிறேன், அவர்களும் என்னை "நீங்கள்" என்கிறார்கள். காலையில் எழும்பினால் அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லை. வாய்க்குள் ஒரு பல் போன இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுவது மாதிரி இருக்கிறது. இதை நீர் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பீர்.

ஆகவே அந்த நாளை நிறுத்துவதே சரி என்று முடிவு செய்தேன். நீர் இல்லாமல் மணல் நிற்காது. மூன்று காரணங்களையும் ஒரு முறைக்குப் பலமுறை சரிபார்த்தேன். பிழை தெரியவில்லை.

நாலாவது.

பிள்ளைகளைக் கூட்டிவரும் விமலா ரீச்சர் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா, பிள்ளையள் எப்ப எப்ப எண்டு கேக்கினம். யாழினிக்கும் செயற்கைக் கால் கட்டையாப்போச்சு. இடுப்பு நோகுது எண்டு இப்ப விளையாடப் போறதில்லை. இந்த வருசம் இது நடக்காட்டி அந்தப் பிள்ளை உதோடைதான் நடக்கவேணும்."

யாழினியை உமக்குத் தெரியும். போன தடவை உம்முடைய சப்பாத்து நாடாவை இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டவள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். நான் அப்படிச் சொன்னால் மாட்டேன் என்று பொருள் என்பது உமக்குத் தெரியும். ரீச்சருக்குத் தெரியாது. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு, தானே எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். மறுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. போய், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வருவது என்று தீர்மானித்தேன். சொல்லவேண்டியதை ஒரு துண்டில் எழுதிச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர், உம்முடைய சப்பாத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

சோழகக் காற்று ஓய்ந்த காலை. கடல் அசையாமல் கிடந்தது. நான் எதிர்பார்த்தபடியே வந்தவர்கள் கொஞ்சம். இரண்டு இளம் வைத்தியர்கள், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு, ஒரு வங்கியில் இருந்து சில பெடியன்கள். எல்லாரும் என்னை "அங்கிள்" என்றார்கள். தாளை ரீச்சர் கணினியில் அழகாக எழுத்தடித்துப் பிரதி எடுத்திருந்தார். வசனத்தில் கை வைக்கவில்லை.

குழி வெட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, இரட்டைப் பின்னல்காரி, தாளை வாசித்தாள். "அடிக்குழி வெட்டியதும் வாளியால் ஊற்றவும். நீர் இறங்கும்."

போன வருடம் வந்த பிள்ளைகள் குழியை எட்டிப் பார்த்தார்கள். யாழினி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முந்தி டொக்டர் ஐயா இறங்குவார்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பை என் கையில் இருந்தது. இறங்கியிருக்கலாம். அந்தக் குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. சப்பாத்து என் காலுக்கு அளவு. நான் பையின் வாயைத் திறக்கக்கூடத் திறந்தேன்.

"ஏனடி அவர் இறங்குறவர்?" என்று இரட்டைப் பின்னல்காரி கேட்டாள்.

"நீர் இறங்கும் எண்டு எழுதிக் கிடக்கெல்லே."

"உங்களுக்கென்ன விசரே? நீர் எண்டால் தண்ணி. ஊத்தினால் கீழை இறங்கும். விஞ்ஞானத்திலை படிச்சனாங்கள்."

"மெய்யே?" என்று யாழினி என்னைக் கேட்டாள்.

எழுதியவன் நான். "ஓம் பிள்ளை" என்றேன். "தண்ணிதான்."

"ஓ," என்றாள் அவள். அவ்வளவுதான். ஊற்றினார்கள். தண்ணி இறங்கியது. அதன் பின்னரே மணல் போட்டார்கள்.

இத்தனை வருடங்களில் என் தாளை, நான் நினைத்த பொருளில், முதன்முதலாகப் பிள்ளைகள் வாசித்தது அன்றுதான். அடி இறுகியது. பொந்து இல்லை, இளக்கம் இல்லை. நாலு மூலைக் கொத்தளமும் நடுவில் கோபுரமும் நேராக எழும்பின. வங்கிப் பெடியன்கள் அதற்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சரியாமல் நின்ற கோட்டையைச் சுற்றி யாரும் உரத்துச் சிரிக்கவில்லை; சிரிக்க என்ன இருக்கிறது?

பின்னேரம் அந்த வங்கிப் பெடியன்களில் ஒருவர் என்னிடம் வந்தார். "அங்கிள், அடுத்த வருசத்திலை இருந்து இதை எங்கடை ஆக்களே பொறுப்பெடுக்கினம். நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை." யாழினிக்கு இந்த மாதமே அளவு எடுக்கிறார்களாம். நல்ல செய்தி. இதை நல்ல செய்தியாகவே எழுத முயல்கிறேன், எழுத்து வளைகிறது. சேட்டுப் பைக்குள் இருந்த துண்டை நான் வெளியே எடுக்கவில்லை. எடுக்க ஒரு தேவையும் இருக்கவில்லை. நானும் ஒரு தேவையாக இருக்கவில்லை.

வான் புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். கோட்டை அப்படியே நின்றது. ஒரு பக்கமாவது சரியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சவுக்கு மரங்கள் மறைக்கும் வரை சரியவில்லை.

சப்பாத்து இப்போது என் கட்டிலடியில் இருக்கிறது. ஒன்றைத்தான் கவிழ்த்தேன். மற்றதற்குள் இருக்கும் மணலை அப்படியே விட்டிருக்கிறேன். போட்டு நடக்கப் போவதில்லை. எறியவும் போவதில்லை. தும்புத்தடியோடு கூட்ட வரும் பெண்ணிடம் அதை அசைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தை முடிக்குமுன் மேலே திரும்பிப்போய் வரிசையைச் சரிபார்த்தேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. நாலாவது நடந்தபடியே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதாக, நீர் இல்லாமல் மணல் நிற்காது என்று எழுதினேன். அதற்காகவே இந்தக் கடிதம் முழுவதையும் எழுதினேன் போல் இருக்கிறது. அது பிழை. தண்ணீர் போதுமாயிருந்தது. மணல் நின்றது.